பேச வராதவருக்குப் பாட வருவது எப்படி?

1861 ஏப்ரலில், பாரிஸ் அருகிலிருந்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளியைப் பால் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பதே அவரது பதில். ஆனால் கேட்டதில் பெரும்பாலானவை அவருக்குப் புரிந்தன; எண்களை இடக்கை விரல்களால் காட்டினார். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வாயிலிருந்து வந்துவிடும். சில நாட்களில் அவர் இறந்தார். மூளையின் இடது முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்ததை புரோக்கா கண்டார்.

பக்கவாதத்தில் பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி மொழி தடைப்படுகிறது. இதற்கு அஃபேசியா என்று பெயர். சிலருக்குச் சொல் வராது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், அதில் பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் சரியாகப் பிடிபடாது. வாய்த்தசை தளர்ந்து பேச்சு குழறுவது வேறு கோளாறு. “அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவதுதான் எனக்குப் பெரிய வேதனை. காது கேளாதவரிடம் போலச் சத்தம் போடுகிறார்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அறிவும் விருப்பும் வெறுப்பும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைச் சொல்லும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் அடைப்பு எங்கே என்று தேடுகிறார். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வருகிறதா, சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா, படிக்க, எழுத முடிகிறதா? சாவியின் படத்தைக் காட்டிப் பெயர் வராவிட்டால், உடனே எடுத்துக்கொடுப்பதில்லை. “எதுக்கு இது? எங்கே மாட்டி வைப்போம்?” என்று சுற்றி வருகிறார். அப்போதும் வராவிட்டால் “பூட்டும்…” என்று தொடங்கி நிறுத்துவார், அல்லது “சா…” என்பார்.

லெபோர்னின் வசவு போல, ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது, பழகிய பாட்டு ஆகியவை பலருக்குத் தங்கிவிடுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டு 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவரும் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார்கள். தமிழில் “தண்ணி வேணும்” என்பதை எடுத்துக்கொள்வோம். உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் இரண்டே சுரங்களில் அதை இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்ட வேண்டும். முதலில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். மெல்லப் பயிற்சியாளர் குரலை அடக்கிக்கொள்வார். கடைசியில் ராகம் உதிர்ந்து சாதாரணப் பேச்சாக வேண்டும். புரிதல் ஓரளவு தங்கி, பேச்சு மட்டும் திணறுகிறவர்களுக்கே இது பொருந்துகிறது. பழகிய தொடர்கள் நன்றாக வருகின்றன. பழகாதவற்றுக்கு அந்தப் பலன் அவ்வளவாகப் பரவுவதில்லை. உதவுவது ராகமா தாளமா என்ற விவாதமும் ஓயவில்லை.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆண்டுகள் கழித்தும் தீவிரப் பயிற்சியால் மேம்பட்டவர்கள் உண்டு. ஆறு மாதத்தோடு கைவிட வேண்டியதில்லை. வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசலாம். “என்ன சாப்பிடுறீங்க?” என்பதற்குப் பதில் வராவிட்டால் இட்லி, தோசை என்று தாளில் எழுதியோ படம் காட்டியோ, “இதுவா, அதுவா?” என்று கேட்கலாம். அவர் விரல் வைத்துக் காட்டினாலும் அது பதில்தான்.