உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டினால் உரிமை மாறும்!
நாடோடிகளின் உரிமையை எல்லைகளும் பட்டியல்களும் தீர்மானிக்கும் நிலை நம் நாட்டில் உண்டு. எல்லையே மாறுவதும் உண்டு: ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, எல்லைத் தகராறு தீர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில், அதாவது இன்றைய தமிழ்நாட்டில், சேர்ந்தது. இந்த எல்லையின் இருபுறமும் ஊசியும் பாசிமணியும் விற்று ஊர் ஊராகப் போகும் குருவிக்காரர்கள், ஆந்திரத்தில் 2003-லேயே பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 2023 வரை காத்திருந்தார்கள். ‘மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு, அதனால்தான் அரசியல் சட்டத்தின் 342-ஆம் பிரிவு தனித்தனிப் பட்டியல் கேட்கிறது’ என்பார்கள். ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோருக்கு அது சரி. எல்லையின் இருபுறமும் ஒரே தொழில், ஒரே வறுமை என்று வாழ்வோருக்கு இருபதாண்டு இடைவெளி அநீதி. அலைகுடிகளின் பட்டியலை அண்டை மாநிலங்கள் கலந்துபேசியே வகுக்க வேண்டும்.