வெப்பம் தாங்கும் ஒளிர்பொருள்

வெள்ளை எல்.இ.டி. விளக்கின் சில்லு வெளிவிடுவது நீல ஒளி. அதன்மேல் பூசியுள்ள மஞ்சள் தூள் நீலத்தில் பெரும்பகுதியை உறிஞ்சி மஞ்சளாக உமிழ்கிறது. மிஞ்சிய நீலமும் அந்த மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. அந்தத் தூளே ஒளிர்பொருள். பெரும்பாலும் சிறிதளவு சீரியம் சேர்த்த இட்ரியம் அலுமினியம் கார்னெட். ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996இல் இத்தகைய விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதிக்க, திருப்பூர் பனியன் கம்பெனியில் அந்தக் கூரையை ஒட்டித் தொங்கும் 150 வாட் விளக்கின் நிலை கடினமானது. சில்லின் சூடு போதாதென்று ஒளிர்பொருளும் சூட்டைப் பிறப்பிக்கிறது. 450 நானோமீட்டர் நீலம் 560 நானோமீட்டர் மஞ்சளாக மாறும்போது ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தூளுக்குள்ளேயே வெப்பமாகிறது. சூடு ஏறினால் படிகத்தின் அதிர்வும் ஏறும். கிளர்ச்சியுற்ற எலெக்ட்ரான் ஒளி தராமலே ஆற்றலை அதிர்வில் இழந்துவிடும். தூளைப் பிடித்து வைத்திருக்கும் சிலிக்கோனும் நாள்பட்ட கடும் சூட்டில் பழுப்பேறும்.

மஞ்சள் மங்கினால் வெளிச்சம் குறைவதோடு நீலம் தூக்கலாகும், சிவப்பும் குறையும். பின்னலாடைத் தொழிலுக்கு இதுதான் பெரிய கேடு. சிவப்பு டி-சர்ட்டின் கழுத்து ரிப்பும் உடல் துணியும், சிவப்பு குறைந்த வெளிச்சத்தில், செக்கிங் மேசையில் ஒரே ஷேடாகத் தெரியலாம். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில், பகலொளியை ஒத்த டி65 ஒளியில் வைத்ததும் இரண்டும் பிரிந்து நிற்கும். கார்னெட் தூளில் சிவப்பு இயல்பிலேயே குறைவு. அதை ஈடுகட்ட யூரோப்பியம் கலந்த நைட்ரைடு ஒளிர்பொருள் சேர்க்கப்படுகிறது. சிலிக்கனும் நைட்ரஜனும் இறுகப் பிணைந்த அதன் கட்டமைப்பு சூட்டில் எளிதில் தளர்வதில்லை.

இன்னொரு வழி சிலிக்கோனையே விலக்குவது. கண்ணாடியை உருக்கி அதில் தூளைப் பதிக்கலாம். அல்லது சுமார் 1,700 டிகிரி செல்சியஸில் சுட்டுப் பீங்கான் தகடாக்கலாம். தகடு சிலிக்கோனைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் ஒளிர்பொருள் தேங்கிச் சூடாவதில்லை. விலை கூடுதல் என்பதால் கார் முகப்பு விளக்கு, லேசர் விளக்கு போன்றவற்றிலேயே அது மிகுதியாகப் பயன்படுகிறது.

எந்த ஒளிர்பொருளானாலும் வெப்பம் வெளியேற வழி வேண்டும். நிட்டிங் கூடத்தில் பறக்கும் பஞ்சு விளக்கின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இதழ்களில் படிந்தால் போர்வைபோல் சூட்டை அடைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, அந்தப் பஞ்சை அடிக்கடி துடைத்துவிட வேண்டும்.