உங்களுக்குத் தெரியுமா? செக்போஸ்ட்டில் சிக்காத திரிபுகள்

● கோவையிலிருந்து அட்டப்பாடி போகும் வழியில் மாநில எல்லை ஆனைகட்டி. கொரோனா காலத்தில் இங்கே இ-பாஸ் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் கேரளாவிலிருந்து வருவோருக்கு ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் சான்றோ, இரண்டு டோஸ் ஊசி போட்ட சான்றோ கட்டாயமானது. நெற்றிக்கு நேரே நீட்டிய தெர்மாமீட்டரில் காய்ச்சல் தெரியும். எந்தத் திரிபு என்பது ஆய்வகத்தில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் தெரியும். அப்படியொரு ஆய்வகத்தைத் தமிழக அரசு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திறந்தது 2021 செப்டம்பரில்தான். இரண்டாம் அலை அடித்து ஓய்ந்த பிறகு!

● கொரோனா வைரஸின் மரபணு நீளம் ஏறத்தாழ 30,000 எழுத்து. நம் செல்லுக்குள் புகுந்து படியெடுக்கும்போது பிழை விழும். பிழை திருத்தச் சொந்தமாகவே ஒரு நொதி வைத்திருந்தும், மாதத்துக்குச் சுமார் இரண்டு மாற்றங்கள் தங்கிவிடுகின்றன. பெரும்பாலானவை வெற்று மாற்றங்கள். எப்போதாவது ஒன்று வேகமாகப் பரவ உதவும், அல்லது ஊசி தந்த எதிர்ப்பாற்றலை ஏய்க்கும். அந்த வகை மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். வைரஸ் ‘திட்டம் போட்டு’ உருமாறுவதாகச் சொல்வதெல்லாம் சும்மா.

● 2023 டிசம்பரில் கேரளத்தைப் பரபரப்பாக்கிய ஜே.என்.1 கொரோனா திரிபு, திருவனந்தபுரம் அருகே கரகுளத்தில் எடுத்த மாதிரியில் தெரியவந்தது. அதற்கு முன்பே, திருச்சி மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர் போன பயணி ஒருவரிடம் அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த செக்போஸ்ட்டைக் குறை சொல்வது?

● ஜே.என்.1-இன் தாய்வகை பி.ஏ.2.86. அது தன் முந்தைய வகையிலிருந்து ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாற்றங்களோடு திடீரென்று வந்து நின்றது. எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கி மாறியிருக்கலாம் என்பது பல விஞ்ஞானிகளின் கணிப்பு. ஜே.என்.1 அதன்மேல் ஸ்பைக்கில் கூட்டிக்கொண்டது ஒரே ஒரு மாற்றம், 455-வது இடத்தில். 2024 தொடக்கத்தில் உலகெங்கும் அதன் ராஜ்ஜியம்தான்.

● 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்கு கொரோனா வந்தது. போபால் ஆய்வகம் பரிசோதித்ததில் டெல்டா திரிபு! அந்தப் பதற்றத்தில் முதுமலை தெப்பக்காடு முகாம் யானைகள் 28-க்கும் மாதிரி எடுத்தார்கள். ஒன்றுக்கும் தொற்றில்லை.

● கேரளாவில் பறவைக்காய்ச்சல் வந்தால் ஆனைகட்டியில் கோழி, முட்டை வண்டிகளுக்குக் கெடுபிடி. பறவைக்காய்ச்சலைத் தரும் ஃப்ளூ வைரஸுக்கு, கொரோனாவைப் போலன்றி, பிழை திருத்தும் நொதி கிடையாது. போதாக்குறைக்கு, அதன் மரபணு எட்டுத் துண்டு. இரண்டு வகை ஃப்ளூ ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிப் புது வகை பிறக்கும். 2009-இல் உலகைச் சுற்றிய பன்றிக்காய்ச்சல் வைரஸில் பன்றி, பறவை, மனிதன் என மூவரிடமிருந்தும் வந்த துண்டுகள் இருந்தன.