தராசு சொல்லும் ஆயுள் கணக்கு

குமரி மாவட்டத்து அங்கன்வாடிகளில் எடை பார்க்கும் நாள் என்றால் அழுகைச் சத்தம் தெருவரை கேட்கும். தராசில் ஏற்றியதும் பிள்ளை வீறிடும். "கரையாத மக்களே, இன்னா எறக்கிருதேன்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே டீச்சர் எடையைக் குறிப்பார். வளர்ச்சி அட்டையில் அது ஒரு புள்ளியாகும். பச்சைப் பட்டையில் விழுந்தால் நிம்மதி. மஞ்சளுக்கு இறங்கினால் தாய்க்குக் கவலை.

அந்தப் புள்ளிக்கு ஆயுள் நீளம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர்கள் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வந்தார்கள். மருத்துவர் டேவிட் பார்க்கர் குழு அந்தப் பேரேடுகளை வைத்து 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வை ஆராய்ந்தது. ஒரு வயதில் எடை குறைந்திருந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள் என்பது 1989இல் வெளிவந்த முடிவு. கருவில் ஊட்டம் போதாதபோது உடல் மூளையைக் காத்துக்கொண்டு, கணையத்திலும் சிறுநீரகத்திலும் தசையிலும் சிக்கனம் பிடிக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

2004இல் வெளியான டெல்லி ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்து, பிறகு மளமளவென்று சதை போட்டவர்களுக்கே முப்பதை ஒட்டிய வயதில் சர்க்கரைக் கோளாறு அதிகம். பிள்ளையைத் தேற்ற வேண்டிய காலம் முதல் 1,000 நாள். கரு உண்டானது முதல் இரண்டாம் பிறந்தநாள் வரை. அதைத் தவறவிட்டு, பள்ளி வயதில் பேக்கரிப் பண்டம் வாங்கிக் கொடுத்துத் தேற்றினால் வினைதான்.

நாஞ்சில் நாட்டு அடுக்களையில் இதற்கு வழியில்லாமல் இல்லை. பிறந்ததும் சேனை தொட்டு வைக்காமல் சீம்பால். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு ஏத்தங்காய்ப் பொடியைக் காய்ச்சி ஊட்டுவதும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தை மசித்துக் கொடுப்பதும் இங்கே வழக்கம். இரண்டும் நல்லவை, ஆனால் பெரும்பகுதி மாவுச்சத்துதான். முள் நீக்கிய சாளை, முட்டை, குழைந்த பருப்பு, முருங்கைக்கீரை இவையும் சேர்ந்தால்தான் புரதமும் இரும்புச்சத்தும் கிடைக்கும். அங்கன்வாடி தரும் சத்துமாவு அந்தப் பிள்ளையின் பங்கு. வீட்டில் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

அடுத்த முறை "எத்தன கிலோ?" என்பதோடு நிறுத்தாமல் வளர்ச்சி அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். போன மாதத்திலிருந்து கோடு ஏறவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஐம்பது வயதில் விழுங்கப்போகும் மாத்திரைகளில் சிலவற்றையாவது இப்போதே குறைத்துவிடலாம்.