அலையை விட்டுவிடுங்கள், காந்தத்தைப் பாருங்கள்

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவரிடமிருந்து குடும்பத்தார் முதலில் பிடுங்கி வைப்பது செல்போனைத்தான். போனிலிருந்து கிளம்பும் அலை கருவியைக் கெடுத்துவிடும் என்ற பயம். பயப்படுவதில் தவறில்லை, பயப்பட வேண்டிய பொருள்தான் மாறிவிட்டது.

அலைகளின் காலம்

1997-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பேஸ்மேக்கர் வைத்த 980 பேரிடம் 5,533 சோதனைகள். ஐந்தில் ஒன்றில் ஏதோ ஒரு குறுக்கீடு. ஆனால் வழக்கம்போல் காதில் வைத்துப் பேசியபோது பொருட்படுத்தத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை. கருவிக்கு நேர் மேலே போனைப் பிடித்தபோதுதான் தொல்லை மிகுந்தது. பின்னர் வந்த கருவிகளில் அலையை வடிகட்டும் அமைப்பு வழக்கமாகிவிட்டதால் அந்தத் தொல்லையும் பெரிதும் குறைந்தது.

மருத்துவருக்காக வைத்த சுவிட்ச்

காந்தத்தின் கதை வேறு. பேஸ்மேக்கரிலும், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியிலும் காந்தத்தை உணரும் அமைப்பு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் மேலே ஒரு காந்தத்தை வைத்தால், பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பொருட்படுத்தாமல் ஒரே வேகத்தில் இயங்கும், ஐ.சி.டி. அதிர்ச்சி கொடுப்பதை நிறுத்திக்கொள்ளும். வந்தது மருத்துவரின் காந்தமா, போனின் காந்தமா என்று அந்தச் சுவிட்சுக்குத் தெரியாது. 2020-இல் வந்த ஐபோன் 12-இல் சார்ஜர் ஒட்டிக்கொள்வதற்காகக் காந்த வளையம் வைத்தார்கள். அதை மார்பருகே கொண்டுபோனதும் ஒரு நோயாளியின் ஐ.சி.டி. அடங்கிப்போனதை 2021-இல் 'ஹார்ட் ரிதம்' இதழ் வெளியிட்டது. இரண்டில் ஐ.சி.டி.யே எனக்குக் கவலை தருகிறது. அது அடங்கியிருக்கும் நேரத்தில் துடிப்பு தறிகெட்டால் உதவிக்கு எதுவும் இல்லை.

பதினைந்து சென்டிமீட்டர்

'எத்தனையோ பேர் சட்டைப்பையில் போனோடு நன்றாகத்தானே இருக்கிறார்கள்?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆபத்து குறைவு என்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2021-இல் சொன்னது. காந்தத்தை விலக்கினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் 15 செ.மீ. தள்ளி வையுங்கள் என்று அதே நிர்வாகம் அறிவுறுத்துகிறது. தூரம் இரட்டித்தால் சிறு காந்தத்தின் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால் இந்தச் சிறு இடைவெளியே போதும். நம் சட்டைகளுக்குப் பை இடது மார்பில். கருவியும் பெரும்பாலும் அதே பக்கம்! கழுத்தில் தொங்கும் காந்தமுனை இயர்போனும், காந்தம் வைத்த போன் உறையும் இந்தக் கணக்கில் சேரும். போனை எதிர்ப்பக்கக் காதில் வைத்துத் தாராளமாகப் பேசலாம். தலைசுற்றலோ படபடப்போ வந்தால் முதலில் போனை விலக்குங்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.