வரதட்சணை வழக்கில் ஷேக்ஸ்பியர் சாட்சி! கையெழுத்தில் பெயர் 'மிஸ்டேக்'?

லண்டன் நகரில் ஒரு வரதட்சணை வழக்கு. வாக்குமூலம் கொடுக்க வந்தவர் சாதாரண ஆள் அல்ல. நாடக மேதை வில்லியம் ஷேக்ஸ்பியர்! சாட்சி சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். ஆனால் அதில் அவர் பெயர் இன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லை.

இதுபற்றிய சுவையான விவரம் வருமாறு:-

லண்டன் சில்வர் தெருவில் கிறிஸ்டோபர் மவுண்ட்ஜாய் என்ற பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார். சீமாட்டிகளின் தலை அலங்காரச் சாமான்கள் செய்வது அவர் தொழில். அவர் வீட்டில் ஷேக்ஸ்பியர் தங்கியிருந்தார்.

மவுண்ட்ஜாயிடம் தொழில் பழகியவர் ஸ்டீபன் பெலட். இவருக்கும் மவுண்ட்ஜாய் மகள் மேரிக்கும் 1604-ம் ஆண்டு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையிடம் பேசி சம்மதிக்க வைத்தவரே ஷேக்ஸ்பியர்தான்.

"60 பவுண்டு தருவதாகச் சொன்ன மாமனார் கையை விரித்துவிட்டார்" என்று 1612-ல் மருமகன் வழக்குப் போட்டார். பணம் தருவதாகப் பேச்சு நடந்தது உண்மை, எவ்வளவு என்று ஞாபகம் இல்லை என்று ஷேக்ஸ்பியர் நழுவிவிட்டார்!

விவகாரம் பிரெஞ்சு சர்ச் பெரியவர்களிடம் போனது. மருமகனுக்குக் கிடைத்த தீர்ப்பு 7 பவுண்டுக்கும் குறைவு. மாமனார் அதையும் லேசில் கட்டவில்லை.

6 கையெழுத்து

இந்த வழக்குக் கட்டை 1909-ல் வாலஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தேடிக் கண்டுபிடித்தார். வாக்குமூலத்தில் ஷேக்ஸ்பியர் தன் பெயரைப் பாதியில் சுருக்கி எழுதியிருக்கிறார்.

அவருடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கையெழுத்துகள் மொத்தம் 6. உயிலில் மட்டும் 3 இருக்கின்றன. ஒன்றில்கூட இன்றைய ஸ்பெல்லிங் கிடையாது! இன்று நடைமுறையில் இருப்பது அவருடைய புத்தகங்களில் அச்சான ஸ்பெல்லிங்.

காதில் விழுந்தபடி

அப்படியானால் ஷேக்ஸ்பியருக்கே பெயர் எழுதத் தெரியாதா? அப்படி இல்லை. 'இதுதான் சரி' என்று அந்தக் காலத்தில் யாரும் வரையறுக்கவில்லை.

ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் பதிய வேண்டும் என்று 1538-ல் இங்கிலாந்தில் உத்தரவு வந்தது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். பிறந்தபோது ஒரு ஸ்பெல்லிங், செத்தபோது வேறு ஸ்பெல்லிங்!

முதல் இங்கிலீஷ் அகராதி 1604-ல் வந்தது. 1755-ல் டாக்டர் ஜான்சனின் பெரிய அகராதி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் ஒழுங்குக்கு வந்தன. ஆனால் குடும்பப் பெயரை மட்டும் பலர் மாற்றவில்லை. தாத்தா எழுதியபடியே பேரனும் எழுதினான்.

கிளார்க் யார்?

தையல்காரர் என்ற டெய்லருக்கு நடுவில் 'ஐ' போட வேண்டும். குடும்பப் பெயரான டெய்லருக்கு இன்றும் 'ஒய்'தான். சென்னை கீழ்ப்பாக்கம் டெய்லர்ஸ் ரோட்டுக்கும் அதே 'ஒய்'.

கொல்லர் என்ற ஸ்மித்துக்கு 'ஐ'. சில குடும்பங்கள் அதையே 'ஒய்' போட்டு, கடைசியில் ஒரு 'இ'யும் சேர்த்து எழுதுகின்றன. பிரவுன், கிரீன் பெயர்களிலும் இப்படி வால் முளைத்த 'இ' உண்டு.

ஆபீஸ் கிளார்க்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த வார்த்தைக்கு 'இ' போட்டு எழுதுகிறார்கள். வெள்ளைக்காரர் வாயில் 'கிளார்க்' என்றுதான் வரும். குடும்பப் பெயரில் வாயில் வருகிறபடியே 'ஏ' போட்டுவிட்டார்கள். ஆதியில் கிளார்க் என்றால் பாதிரியார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்தான்!

போர்டில் வேஷம்

இங்கிலாந்தில் சில கடை போர்டுகளில் 'யீ ஓல்டு' என்று பழமை காட்டி எழுதியிருப்பார்கள். உண்மையில் அது 'யீ' இல்லை, 'தி'. 'த' ஒலிக்கு இருந்த பழைய எழுத்து ஒன்று கையெழுத்தில் 'ஒய்' மாதிரியே ஆகிவிட்டது. அச்சாபீசிலும் அந்த எழுத்து இல்லாததால் 'ஒய்' போட்டு ஒப்பேற்றினார்கள்.

சில குடும்பப் பெயர்கள் இரண்டு சின்ன 'எஃப்' எழுத்துடன் தொடங்குகின்றன. பழைய வக்கீல் குமாஸ்தாக்கள் பெரிய 'எஃப்'பை எழுதிய விதம் அது.

வாரிசு தேடி, சொத்து தேடி அங்கே பழைய ரிஜிஸ்டரைப் புரட்டுகிறவர்கள் ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். ஒரே ஸ்பெல்லிங்கை நம்பினால் தாத்தாவும் கிடைக்கமாட்டார், அவர் சொத்தும் கிடைக்காது.