மலைவழியில் அடிபட்டோர்க்கு உதவுதல்

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் வாழும் நாம் நெய்தல் நிலத்தினர். கடலில் ஒரு படகு கவிழ்ந்ததென்றால் அருகில் மீன்பிடிப்போர் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அங்கே விரைவர். இதனை எவரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது. ஆனால் குறிஞ்சி நிலத்தில் ஒருவர் வீழ்ந்து கிடக்கும்போது என்ன செய்வது என்பதை நம்மில் பலர் அறியோம். இந்நாளில் இளைஞர்கள் விடுமுறை கிடைத்தால் மலைகளை நாடிச் செல்கின்றனர். ஆகவே இதனை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

நமக்கு மிக அண்மையில் உள்ள மலை திருக்கழுக்குன்றம். அங்குள்ள பல்லவர் காலத்து ஒருகல் மண்டபத்தில், பதினேழாம் நூற்றாண்டில் வந்துசென்ற டச்சுக்காரர்கள் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றுள்ளனர். சில ஆண்டுகளுக்கு முன் அதனைக் காட்டுவதற்காக மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். இறங்கும்போது ஒரு மாணவர் படியில் வழுக்கி வீழ்ந்தார். உடனே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டோம். ஒருவர் காலைப் பிடித்து இழுத்து உருவினார். மற்றொருவர் தோளில் கைகொடுத்து எழுப்பி நடக்கச் சொன்னார். நாமோ தண்ணீரைக் குடி குடி என்று வற்புறுத்திக் கொண்டிருந்தோம். எலும்பு முறிந்திருந்தது என்பதும், இழுத்ததாலும் நடக்கவைத்ததாலும் முறிவு விலகிவிட்டது என்பதும் மருத்துவர் சொன்ன பின்னரே தெரியவந்தது. அன்பில் குறைவில்லை, அறிவில்தான் குறை. இக்கட்டுரைக்கு அந்த நாளே காரணம் எனலாம்.

ஊரருகே உள்ள குன்றில் நேர்ந்த பிழை இது. பெருமலையில் நேரும் துன்பத்தின் அளவைத் தமிழகம் 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை கண்டது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னை, திருப்பூர், ஈரோடு முதலிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள், பெண்கள் மிகுதி. இருபதுக்கும் மேற்பட்டோர் அன்றும் அடுத்து வந்த நாள்களில் மருத்துவமனைகளிலும் உயிரிழந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் அதிரடிப் படையினரும் வந்தனர். எனினும், இருளில் முதலில் ஏறிச் சென்றவர்களுள் மலையடிவாரத்து மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். போர்வைகளைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி, காயமுற்றோரைச் சரிவுகளில் சுமந்து இறக்கினர்.

தீ சரிவில் மேல்நோக்கியே விரைந்து பரவும். கீழே எரியும் தழலின் வெப்பம் மேலே உள்ள காய்ந்த புல்லை முன்னரே சூடேற்றி வைத்துவிடுகிறது. எனவே தீக்கு முன்னால் மேட்டை நோக்கி ஓடுவது பெரும்பாலும் தீயோடு போட்டியிட்டுத் தோற்பதாகவே முடியும். பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற பாறையையோ, முன்பே எரிந்து கரிந்த இடத்தையோ அடைவது நன்று. தீக்காயம் பட்டவர்க்கு, கிடைக்கும் தூய குளிர்நீரை இருபது நிமிடம் காயத்தின்மீது ஊற்றவேண்டும். அப்போது உடலின் ஏனைய பகுதி குளிர்ந்துவிடாதபடி போர்த்தியிருத்தல் வேண்டும். மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுக. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கலாகாது. எழுதும் மை, பற்பசை, எண்ணெய் இவற்றைத் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. இது அறவே விடத்தக்கது.

வீழ்ந்தவரைக் காணும்போது முதலில் செய்யவேண்டியது நிற்பதே. மேலிருந்து கல் உருளுகிறதா, காலடி நிலம் உறுதியானதா என்று பார்க்காமல் பாய்ந்து இறங்கும் ஒருவர், மீட்கப்படவேண்டிய இரண்டாமவர் ஆகிவிடுவார். அடுத்து மூச்சு, பிறகு குருதி. பீறிடும் குருதியை மடித்த துணிகொண்டு நேரே அழுத்தி, பத்து நிமிடமாவது எடுத்துப் பார்க்காமல் இருக்கவேண்டும். உயரத்திலிருந்து வீழ்ந்தவர்க்குக் கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருக்கக்கூடும். வேறு ஆபத்து நெருங்கினாலன்றி அவரை அசைக்கலாகாது. நினைவிழந்தவர்க்கு ஒரு மிடறு நீரும் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலுள் சென்றுவிடும்.

குளிர் வடநாட்டு மலைகளுக்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மழையில் நனைந்து அசைவற்றுக் கிடப்பவரை ஓரிரவுக் குளிரே கொன்றுவிடக் கூடும். மேலே போர்த்துவது போலவே கீழேயும் எதையேனும் விரிக்கவேண்டும். வெற்றுத் தரை உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

உதவி தேடிச் செல்வோர் இருவராயிருத்தல் நலம். ஒருவர் கட்டாயம் காயமுற்றவருடன் தங்கவேண்டும். இடம், நேரம், காயத்தின் தன்மை, உடனிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்க. பதற்றத்தில் நினைவு பிசகும். 112 என்னும் எண் எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் அதன் வழியே இணையும். கைப்பேசி பயன்படாத இடத்தில், நிமிடத்திற்கு ஆறுமுறை ஊதல் அல்லது விளக்கொளி, பின் ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு என்பது உலக மலையேறிகளின் துயர்க்குறி. நிமிடத்திற்கு மூன்றுமுறை வந்தால் அது மறுமொழி. நான்கு பேர் செல்லும் குழுவில் ஓர் ஊதலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இராது.

உடன் தங்குதல் எளிய செயலன்று. 2006 மே மாதம் எவரெஸ்ட் சரிவில் டேவிட் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் இறக்குந்தறுவாயில் இருந்தபோது நாற்பது பேர் அளவில் அவரைக் கடந்து சென்றனர் என்று சொல்லப்பட்டு உலகெங்கும் வாதம் எழுந்தது. அதே மாத இறுதியில், இறந்தவராகக் கருதிக் கைவிடப்பட்ட ஆஸ்திரேலியர் லிங்கன் ஹாலை, டான் மஸூர் தலைமையில் ஏறிவந்த குழுவினர் உயிருடன் கண்டனர். சிகரம் அருகிலிருந்தும் ஏறாமல் அவர்கள் அவருடன் தங்கினர், ஹால் பிழைத்தார். முன்னவரைக் காப்பாற்றியிருக்க இயலுமா என்பது இன்றும் வழக்காடப்படுகிறது. அவ்வுயரத்தில் நின்றறியாத நாம் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

குரங்கணிக்குப் பின் 2018-இலேயே மலையேற்றத்திற்குத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது மலைவழிகளை வனத்துறை வழிகாட்டிகளுடன் செல்லத்தக்கனவாகத் திறந்தது. அனுமதியின்றிச் செல்பவர் சட்டத்தை மட்டும் மீறுவதில்லை. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிந்த ஒருவரும் கீழே இல்லாதபடி செய்துகொள்கின்றனர்.

இனித் தூக்கிச் செல்லும் முறை. முதுகெலும்பில் அடி இல்லை என்று தெளிந்தால் மட்டுமே போர்வைத் தொட்டில் பயன்படும். ஐயம் இருப்பின் மீட்புக் குழுவினர் வரும்வரை காத்திருத்தலே தகும். இரண்டு கோணிச்சாக்குகளின் அடிமூலைகளை அறுத்து, இரு நீண்ட கம்புகளை அவற்றினூடே செலுத்தினால் உறுதியான தூக்குப்படுக்கை அமையும். ஆளை ஏற்றுமுன் நலமுள்ள ஒருவரைக் கிடத்திச் சோதித்துக்கொள்க. இறங்கும்போது கால் முன்னாகவும் தலை மேட்டுப் பக்கமாகவும் இருக்கட்டும். சுமப்போர் நால்வர் என்றால் மாற்றாள் நால்வர் வேண்டும். தோள் சோர்ந்த பின் மாறுவதைவிடச் சோருமுன் மாறுவதே நன்று. ஒருவர் சுமக்காமல் பக்கத்தில் நடந்து, கிடப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வரவேண்டும். பேச்சு குழறினாலோ நின்றாலோ முதலில் அறிபவர் அவரே.